ஒன்பதாவது ராணி

எங்கள் பக்கம் மரத்துக்கும் எறும்புக்கும் ஒரே பெயர்.
தங்கரானா கடித்தது என்பார்கள்.
தங்கரானாவை வெட்டாதே என்பார்கள்.
எதைச் சொல்கிறாய் என்று
உக்காயாலிக் கரையில் யாரும் கேட்டதில்லை.
கை வைத்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆராய்ச்சி நிலையத்துக்கு நான் சமைக்க வந்தவள்.
அதுவும் தேடி வந்ததில்லை,
படகின் மோட்டார் நின்ற இடம் இது.
மாணவன் ஃபாபியோ மலேரியாவில் படுத்ததும்
அவன் நோட்டுப் புத்தகம்
மரவள்ளி மாவு ஒட்டிய என் கைக்கு வந்தது.

மழை விட்ட இரவு.
ஜெனரேட்டர் பல்பின் கீழே வெள்ளைத் துணி கட்டினேன்.
விட்டில், வண்டு, பெயர் தெரியாத பச்சைப் பூச்சி,
நடுவே ராணிகள்:
மாலையில் மணமாகி
இருட்டுவதற்குள் விதவையானவர்கள்.
துணியிலேயே இறக்கைகளை முறித்துப் போட்டுவிட்டு
நடக்கத் தொடங்கினார்கள்.
வீடு பார்க்கக் கிளம்பியவளுக்கு
இறக்கையும் ஒரு மூட்டைதான்.

கண்ணாடிக் குழாய் ஒன்று,
கவண்கட்டை போல இரண்டாகப் பிரிவது.
ஒரு கிளையில் தங்கரானாத் தளிரைத் தொட்டு வரும் காற்று.
மறு கிளையில் கொய்யாத் தளிரைத் தொட்டு வரும் காற்று.
ராணியை அடியில் விட்டு
ஐந்து நிமிடம் கடிகாரம் பார்த்து
இடமா வலமா எழுத வேண்டும்.
இவ்வளவுதான் விஞ்ஞானம், எலிட்டா,
என்றான் ஃபாபியோ, பல் கிட்டிக்க.

முதலாமவள் தங்கரானா.
இரண்டு, மூன்று, தங்கரானா.
நான்காமவள் கொய்யா, அவள் தலையெழுத்து.
அதற்குப் பின் நால்வரும் கயிறு கட்டி இழுத்ததுபோல்
தங்கரானாப் பக்கமே போனார்கள்.

ஒன்பதாமவள் பிரிவில் நின்றுவிட்டாள்.
கொம்பை அங்கே நீட்டினாள், இங்கே நீட்டினாள்,
பிறகு முன்காலால் வழித்துத் துடைத்தாள்,
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி படிப்பவள் மாதிரி.
ஐந்து நிமிடம் ஆயிற்று.
‘தேர்வு இல்லை’ என்று எழுதச் சட்டம்.
நான் எழுதவில்லை.
ஆறாவது நிமிடமும் பார்த்தேன், ஒன்பதாவதும்.
அடுப்பில் சோறு தீய்ந்தது.

மரம் யாரையும் கூப்பிடுவதில்லை.
மூச்சு விடுகிறது.
அந்த மூச்சில் ஒரு முகவரி எழுதியிருப்பது
மரத்துக்குத் தெரியுமோ என்னவோ.
யாரும் வராவிட்டாலும் அதன் தண்டு
கணுவுக்குக் கணு உள்ளே பொள்ளலாகிக்கொண்டே போகும்.
இருட்டில் ஒன்று மூச்சு விட,
இருட்டில் இன்னொன்று கொம்பு நீட்ட,
நடுவே இத்தனை காடு, இத்தனை மழை, இத்தனை பல்லி.

அவளை ஒரு தீப்பெட்டியில் எடுத்துப்போய்
சமையலறைக்குப் பின்னால்
என் இடுப்புயரம் நின்ற தங்கரானாக் கன்றடியில் விட்டேன்.
பிழைதான்.
சோதனையில் கை வைத்தால் அது சோதனை இல்லையாம்.
காலையில் தண்டில் கடுகளவு துளை,
கீழே கொஞ்சம் மரத்தூள்.
அவள்தானா, எட்டாவது வீட்டுக்காரியா,
எங்கிருந்தோ வந்த வேறொருத்தியா,
துளை சொல்லாது.

ஃபாபியோவைப் படகில் இக்கித்தோஸ் அனுப்பினோம்.
மாதங்கள் போயின.
கன்றைச் சுற்றித் தரை மெல்ல வெளுத்தது.
புல் இல்லை, பூண்டு இல்லை.
நான் ஊன்றிய அவரைக்கொடியை
வேரடியில் நறுக்கிச் சாய்த்திருந்தார்கள்.
தண்டுக்குள் செதில்பூச்சிகளை
மாடு போல வளர்த்துப் பால் குடிப்பார்களாம்.
என் அவரை மட்டும் ஆகவில்லை.

அவன் திரும்பியபோது முகத்தில் கன்னம் இல்லை.
உட்காரும் முன்பே நோட்டைப் புரட்டினான்.
ஒன்பதுக்கு நேரே காலி,
தீய்ந்த சோற்றின் ஒரு பருக்கை ஒட்டிக் காய்ந்திருந்தது.
எங்கே போனாள், இடமா வலமா, என்றான்.

நான்
கொடியை நிமிர்த்தப் போய் வீங்கிய மணிக்கட்டை
மேசைமேல் வைத்துக் காட்டினேன்.